துணைக்கு ஒருவர்

தொண்டியிலிருந்து வரும் பஸ்
திருப்பாலைக்குடி விலக்கில் நின்றதும்
முத்திருளப்பன்தான் முதலில் ஏறுவார்.
அட்டையைப் பையிலிருந்து எடுக்காமலே
"முன்னாள் எம்.எல்.ஏ. துணைக்கு ஒருவர்" என்பார்.
அந்த ஒருவர் நான்.

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.
முப்பதுக்குள்தான் இருக்கும் பையனுக்கு.
அவன் தொட்டிலில் கிடந்த வருஷம்
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்
நாங்கள் இந்த மனுஷனைத் தோற்கடித்தோம்.

அப்போது அவருக்குத் தையல் மெஷின் சின்னம்.
ஐந்து வருஷம் உட்காரவைத்த கட்சி
இந்தத் தடவை வேறு ஆளுக்கு என்றதும்
கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நின்றார்.
ஜெயித்தால் வீட்டுக்கு ஒரு மெஷின் உண்டா என்று
மோர்ப்பண்ணையில் பெண்கள் ஜீப்பை மறித்தார்கள்.
இல்லையென்று சொல்லத் தெரியாமல்
பாதிக் கூட்டத்திலேயே இறங்கிப் போனார்.

ராமநாதபுரத்தில் எண்ணிக்கை.
கம்பிவலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஏஜெண்ட் நான்.
நண்டு வலையில் சிக்கு எடுப்பதுபோல்
ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன்.
நடுக்கோட்டில் விழுந்த முத்திரைக்கெல்லாம்
"செல்லாது சார், செல்லாது" என்று
தொண்டை கட்டக் கத்தினேன்.
மறு எண்ணிக்கையும் கேட்டு வாங்கினேன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்தார்,
வேட்டியை உதறிக் கட்டினார்.
"நெய்னா, தண்ணி குடிச்சியா?"
கேட்டுவிட்டுப் போய்விட்டார்.
இதை நான் கட்சியில் சொன்னதில்லை.

பிறகு எங்கள் கட்சிக்கே வந்தார்.
மாலை போட ஆள் கிடைக்காமல்
நான்தான் போட்டேன்.
பிறகு போனார். இன்னொன்றில் நின்றார்.
டெபாசிட் போன அன்று
மாட்டுத்தாவணியில் பஸ் மாறி வந்ததாகச் சொன்னார்கள்.

சபையில் அவர் கேட்டது ஒரே கேள்வி.
திருப்பாலைக்குடியில் படகுத்துறை அமைக்க
அரசு ஆவன செய்யுமா?
நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.
அவ்வளவுதான், அச்சில் இருக்கிறது.
சேற்றில் ஆறு தூண் நட்டார்கள்,
ஏழாவது வரவில்லை.
வாடைக்காலத்தில் ஆறிலும்
நீர்க்காகம் சிறகு காயவைக்கும்.

தோற்பதற்கு ஒரு மாதம் முன்னால்
இரண்டாயிரம் லெட்டர்பேடு அச்சடித்திருந்தார்.
அரண்மனை வாசலில் ஒரு ரப்பர் முத்திரை செய்து
பதவிக்கு முன்னால் "முன்னாள்" என்று குத்திக்கொண்டார்.
அது எப்போதும் சற்றுச் சாய்ந்தே விழும்.
முதியோர் பென்ஷன், மயானத்துக்கு விளக்கு,
உப்பளத்துக் கூலித் தகராறு,
டி.சி. தர மறுத்த பள்ளிக்கூடம்.
அந்தத் தாள் எங்கெங்கோ போய்
சில தடவை வேலையும் செய்திருக்கிறது.

இப்போது என் மகனுக்காக.
மண்டபத்தில் கூலிக்கு ஏறிய விசைப்படகு,
அதில் ரிஃபாயும் மூன்று பேரும்.
யாழ்ப்பாணத்தில் உள்ளே இருக்கிறார்கள்,
இன்றோடு பத்தொன்பது நாள்.
எங்கள் கட்சிக்காரர் போனை எடுப்பதில்லை.
இவர் வீட்டுக் கதவைத் தட்டவே எனக்கு மூன்று நாள் ஆனது.
திறந்தவர் சட்டை மாட்டிக்கொண்டுதான் பேசினார்.

கலெக்டர் ஆபீஸில் அந்தப் பெண்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சாய்ந்த முத்திரையில் விரல் வைத்து
"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.
எனக்கு வாய் வரவில்லை.
"எனக்கு ஓட்டுப் போடாதவர்" என்றார் அவர்,
"சீல் வச்சுக் குடும்மா."
அவள் சிரிக்கவில்லை. சீல் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு.
தேவிபட்டினம் தாண்டியதும்
மடியில் பையைத் திறந்து
மிச்சமிருக்கும் தாள்களை எச்சில் தொட்டு எண்ணினார்.
"பதினேழு இருக்கு நெய்னா.
திங்கக்கிழமை திரும்ப வருவோம்,
டெல்லிக்கும் ஒண்ணு போடுவோம்."

எண்ணுவதில் நான் கெட்டிக்காரன்,
கூடவே பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.
பதினாறு.

மறு எண்ணிக்கை கேட்கவில்லை.